இளநிலை மாணவர் தன் ஆய்வைக் கருத்தரங்கில் வைப்பது எப்படி: சுருக்கம் முதல் வேலை விண்ணப்பம் வரை

இளநிலை அறிவியல் படிக்கும்போதே ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து எதையோ அளந்து, எண்ணி, வரைபடம் போட்டு வைத்திருக்கிறீர்கள். "இதைக் கருத்தரங்கில் வைக்கலாமே" என்று கைடு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதற்கப்புறம் யாரிடம் என்ன கேட்க வேண்டும், எந்தக் காகிதம் வேண்டும், எதற்கு யார் பணம் தருவார்கள், எது எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நான் ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வு முழுதாக முடியட்டும் என்று காத்திருந்தால் படிப்புதான் முடியும். இளநிலை மாணவரிடம் யாரும் முடிந்த ஆய்வை எதிர்பார்ப்பதில்லை. ஒரு தெளிவான கேள்வி, அதற்காக நீங்கள் செய்த வேலை, இதுவரை கைக்கு வந்த விடை, இந்த மூன்றும் இருந்தால் போதும். உங்கள் துறையே தெரியாத ஒருவருக்கு இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்தில் புரியவைக்கப் பழகிவிட்டால், பின்னாளில் எந்த நேர்காணலிலும் அது கைகொடுக்கும்.

1. எங்கே வைப்பது, போஸ்டரா பேச்சா

துறைக்குள் நடக்கும் ஆய்வு நாள், கல்லூரி அளவிலான மாணவர் கருத்தரங்கு, இளநிலை மாணவர்களுக்கென்றே நடக்கும் மாநாடுகள், துறைசார் சங்கங்கள் நடத்தும் பெரிய மாநாடுகள் என்று இடங்கள் படிப்படியாக இருக்கின்றன. இளநிலை மாணவர்களுக்கானவற்றில் அமெரிக்காவில் 1987 முதல் நடந்துவரும் என்சியூஆர் (தேசிய இளநிலை ஆய்வு மாநாடு), பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய பிசியூஆர் (பிரிட்டிஷ் இளநிலை ஆய்வு மாநாடு) இரண்டும் தெரிந்த பெயர்கள். வாரிக், மொனாஷ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசியூஆர் (சர்வதேச இளநிலை ஆய்வு மாநாடு) பல நாட்டு வளாகங்களை இணையவழி இணைத்து நடத்தப்படுவது. பயணச் செலவுக்கு வழியில்லாதவர்கள் இந்த மாதிரியானவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதல் தடவை போஸ்டரையே, அதாவது ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மாட்டிப் பக்கத்தில் நின்று விளக்கும் முறையையே தேர்ந்தெடுங்கள். பேச்சு என்றால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கேள்விக்கு இரண்டு மூன்று நிமிடம், அதோடு சரி. போஸ்டர் அமர்வில் ஒன்றிரண்டு மணி நேரம் நின்று ஒரே கதையை ஆள் மாற்றி ஆள் சொல்வீர்கள். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பயிற்சி மேடைப் பேச்சில் கிடைக்காது.

போலி மாநாடுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். "மதிப்புக்குரிய அறிஞரே" என்று தொடங்கும் மின்னஞ்சல் வரும். இயற்பியல், மருத்துவம், மேலாண்மை எல்லாம் ஒரே அரங்கில் என்று போட்டிருக்கும். சுருக்கம் (அப்ஸ்ட்ராக்ட், ஆய்வைச் சுருக்கிச் சொல்லும் குறிப்பு) அனுப்பிய மறுநாளே ஏற்பு வரும், கூடவே கட்டண இணைப்பும் வரும். நடத்தும் குழுவில் உள்ளவர்களின் பெயரை அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், போன ஆண்டு நிகழ்ச்சி நிரல் இருக்கிறதா என்று பாருங்கள், கைடிடம் "இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் பணம் கட்ட வேண்டாம்.

2. கெடு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நிகழ்ச்சி நடக்கும் நாளை நினைத்துத் திட்டமிட்டால் ஏமாந்துபோவீர்கள். சுருக்கம் அனுப்பும் கடைசி நாள்தான் உண்மையான கெடு. பெரிய மாநாடுகளில் அது நிகழ்ச்சிக்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்பே முடிந்துவிடும். அந்த நாளிலிருந்து பின்னால் போங்கள்: கைடு படித்துத் திருத்த இரண்டு வாரம், ஆய்வில் பெயர் சேரும் மற்ற ஆசிரியர்கள் (ஆத்தர்கள்) படித்துச் சம்மதிக்க ஒரு வாரம், நீங்கள் எழுத இரண்டு வாரம். ஆக, கெடுவுக்கு ஐந்து வாரம் முன்பு கையில் ஒரு வரைபடமாவது இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பயண உதவித்தொகைக்கான கெடு பல மாநாடுகளில் சுருக்கத்தின் கெடுவோடு சேர்ந்தே வரும், சில சமயம் அதற்கு முன்பே. "முதலில் ஏற்கட்டும், அப்புறம் உதவி கேட்போம்" என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும். சுருக்கம் அனுப்பும் அன்றே உதவித்தொகை விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள். கைடின் ஒரு பத்திக் கடிதம் கேட்பார்கள். அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றால் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரைகூட எடுக்கலாம். விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே சில மாதங்களில் பெரிய பாடு. ஏற்புக் கடிதம் வந்த அன்றே மாநாட்டு அலுவலகத்துக்கு எழுதி அழைப்புக் கடிதம் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி அனுப்புங்கள். முதலெழுத்து விரித்தும் சுருக்கியும் இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக இருந்தால் அங்கேதான் தடங்கல் வரும்.

தேர்வு அட்டவணையையும் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். வருகைப்பதிவுக்கு விலக்கு வேண்டுமானால் ஏற்புக் கடிதத்தின் நகலோடு முன்பே எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

3. அனுமதியும் ஆவணமும்

மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தோ, ரத்த மாதிரி எடுத்தோ, விலங்குகளை வைத்தோ செய்த வேலையென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் வேண்டும். தரவு சேகரிக்கும் முன்பே வாங்க வேண்டிய ஒப்புதல் இது. பின்தேதியிட்டுக் கொடுக்க மாட்டார்கள். வகுப்புத் தோழர்கள் நூறு பேரிடம் கூகுள் படிவம் அனுப்பியதற்கும் இது பொருந்தலாம். ஆய்வு தொடங்கும் வாரத்திலேயே கைடிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆசிரியர் பட்டியல். யார் பெயர், எந்த வரிசையில் என்பதைச் சுருக்கம் எழுதும் முன் பேசி முடியுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கிரெடிட் என்ற வகைப்பாடு ஓர் ஆய்வில் நடக்கும் வேலைகளை 14 பங்காகப் பிரிக்கிறது: கருத்துருவாக்கம், முறைமை, சோதனை செய்தல், தரவுப் பராமரிப்பு, அலசல், மென்பொருள், முதல் வரைவு எழுதுதல் என்று போகும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு "நான் இந்த நான்கைச் செய்தேன், மற்றவற்றை யார் செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் பேச்சு சண்டையாகாமல் வேலையாக நடக்கும். இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், வேலை விண்ணப்பத்துக்கு உதவும்.

எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். நடைபாதையில் "சரி, அனுப்பு" என்று சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

காப்புரிமைக்கு வாய்ப்புள்ள வேலையா என்றும் கைடிடம் கேளுங்கள். ஐரோப்பாவில் விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளிப்படுத்திவிட்டால் புதுமை போய்விட்டதாகவே பொதுவாகக் கொள்வார்கள்; அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. இணையத்தில் ஏறிய சுருக்கமும் வெளிப்படுத்தியதாகவே கருதப்படும்.

கையில் இருக்க வேண்டியவை: மாணவர் அடையாளச் சான்று (கட்டணச் சலுகைக்கு), நெறிமுறை ஒப்புதல் எண், ஆசிரியர்களின் சம்மத மின்னஞ்சல்கள், நிதி தந்த அமைப்பின் பெயரும் திட்ட எண்ணும், உங்கள் ஆர்கிட் எண். ஆர்கிட் என்பது ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாளம். இலவசம், சில நிமிட வேலை. ஒரே பெயரில் பலர் இருக்கும் நம் மாதிரி ஊர்க்காரர்களுக்கு, பெயருக்கு முன் முதலெழுத்து போடுபவர்களுக்கு, இது மிகவும் தேவை.

4. சுருக்கம் எழுதுவது

பெரும்பாலும் 250 முதல் 300 சொல். சில தளங்கள் சொல்லுக்குப் பதில் எழுத்துகளை எண்ணும், இடைவெளியையும் சேர்த்து. முதலில் அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விதை முளைப்பில் உப்பின் விளைவைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் இப்படித் தொடங்குவார்கள்: "மண் உவர்ப்பாதல் இன்று உலகை அச்சுறுத்தும் முக்கியப் பிரச்சினைகளில் ஒன்று." இப்படியே நூறு சொல் போய்விடும். முடிவுக்கு வரும்போது "உப்பு முளைப்பைப் பாதித்தது, விவரங்கள் விவாதிக்கப்படும்" என்று முடியும். படிக்கும் மதிப்பீட்டாளருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: "முளைப்பு எந்த உப்புச் செறிவில் சரியத் தொடங்குகிறது என்று அறிய நான்கு செறிவுகளில், ஒவ்வொன்றிலும் 90 விதை வைத்து, ஏழு நாள் கண்காணித்தோம். 100 மில்லிமோலார் வரை மாற்றமில்லை. 150-இல் முளைப்பு 92 சதவீதத்திலிருந்து 61-ஆகக் குறைந்தது." எண்கள் உதாரணத்துக்குத்தான். கேள்வி, எண்ணிக்கை, காலம், விடை எல்லாம் மூன்று வாக்கியத்தில் வந்துவிட்டதைப் பாருங்கள். சூழலைச் சொல்ல அதற்கு முன் ஒன்றிரண்டு வாக்கியம், பொருளைச் சொல்லப் பின்னால் ஒன்றிரண்டு. போதும்.

இன்னும் செய்யாத சோதனையின் முடிவை "வந்துவிடும்" என்று நம்பி எழுதாதீர்கள். வராவிட்டால் அச்சிட்ட சுருக்கத்துக்கும் உங்கள் போஸ்டருக்கும் நடுவில் நீங்கள்தான் நிற்க வேண்டும். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். ஒழுங்காகச் செய்த சோதனையில் விளைவு தெரியவில்லை என்பதும் ஒரு முடிவுதான்.

5. போஸ்டர் செய்வது

அளவையும் திசையையும் அறிவிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏ0 என்றால் 841 × 1189 மில்லிமீட்டர், ஏ1 அதில் பாதி. நிற்கும் பலகைக்குப் படுக்கைவாட்டுப் போஸ்டர் கொண்டுபோனால் ஓரம் பக்கத்துப் பலகையில் தொங்கும். பவர்பாயிண்டில் செய்கிறீர்கள் என்றால் பக்க அளவை முதலிலேயே அமையுங்கள். எல்லாம் முடித்தபின் மாற்றினால் படங்கள் இழுபட்டுப்போகும்.

எழுத்தளவைச் சோதிக்க எளிய வழி: போஸ்டரை ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். ஏ0-விலிருந்து ஏ4-க்கு வரும்போது நீளமும் அகலமும் நான்கில் ஒன்றாகும். 24 புள்ளி எழுத்து 6 புள்ளியாகும். கையில் பிடித்துச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் அரங்கிலும் படிக்க முடியும்.

எவ்வளவு எழுதுவது? நினைப்பதில் பாதி. 2019-இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் ஒரு போஸ்டர் வடிவத்தை முன்வைத்தார்: நடுவில் பெரிய எழுத்தில் முக்கிய முடிவு ஒரே வாக்கியமாக, இரு பக்கமும் விவரம். அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முக்கியமான வரைபடம் சிறுத்துப்போகும் அபாயம் அதில் உண்டு. ஆனால் தலைப்பையே முடிவாக எழுதும் பழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். "விதை முளைப்பில் உப்பின் விளைவு" என்பதைவிட "100 மில்லிமோலார் உப்பு வரை முளைப்பு குறைவதில்லை" என்பது நடந்துபோகிறவரை நிறுத்தும்.

வரைபடத்தில்தான் கேள்வி விழும். பட்டைகளின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிழைக்கோடு திட்டவிலக்கமா, திட்டப்பிழையா என்று அடியில் எழுதியிருக்க வேண்டும். திட்டவிலக்கம் தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைக் காட்டும். அதை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை. சராசரி எவ்வளவு நம்பகமானது என்பதை அது காட்டும். மாதிரி ஒன்பது என்றால் திட்டப்பிழை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அழகாகத் தெரியும். அழகுக்காக அதைப் போட்டவர்களை அனுபவமுள்ளவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதேபோல ஒரு செடியை மூன்று முறை அளந்தால் மாதிரி எண்ணிக்கை மூன்று ஆகிவிடாது, ஒன்றுதான். போஸ்டரில் எத்தனை செடி, செடிக்கு எத்தனை அளவீடு என்று பிரித்தே எழுதுங்கள்.

சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராகப் போடாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். மற்ற மக்களிலும் கணிசமானவர்களுக்கு உண்டு. நீலமும் ஆரஞ்சும் போட்டு, கூடவே வட்டம், சதுரம் என்று குறியையும் மாற்றுங்கள்.

இணையத்தில் எடுத்த படம், திரைப்பிடிப்பு இரண்டும் பெரிதாக அச்சிட்டால் மங்கும். வரைபடத்தை மென்பொருளிலிருந்து நேராகப் பிடிஎஃப் அல்லது எஸ்விஜி வடிவில் எடுங்கள். அச்சுக்கு எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுங்கள். தமிழோ கிரேக்க எழுத்தோ இருந்தால் அச்சுக் கடைக் கணினியில் மியூ (µ) போன்ற எழுத்து வெறும் கட்டமாக மாறுவது சகஜம். எனவே மூன்று நாள் முன்பே அச்சிட்டு, விரித்துப் பார்த்துவிடுங்கள்.

6. சொல்லிப் பழகுவது

மூன்று அளவில் தயார் செய்யுங்கள்: அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். வருகிறவரிடம் "இரண்டு நிமிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். போஸ்டரைப் பார்த்துப் படிக்காதீர்கள், அவருக்கே படிக்கத் தெரியும். வரைபடத்தில் விரலை வைத்து, "இந்த அச்சு உப்புச் செறிவு, இந்த அச்சு முளைத்த விதை சதவீதம், இங்கே பாருங்கள், இந்த இடத்தில்தான் சரிகிறது" என்று சொல்லுங்கள். அச்சுகளைச் சொல்லாமல் முடிவுக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்த்த குறை.

பழகும்போது துறை தெரியாத ஒருவரைக் கட்டாயம் நிறுத்துங்கள். வேதியியல் படிக்கும் தோழி, வணிகவியல் படிக்கும் அறைத்தோழர், யாராவது. அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் தவறாகச் சொல்லும் இடத்தில் உங்கள் வாக்கியத்தை மாற்றுங்கள்.

தெரியாத கேள்வி நிச்சயம் வரும். "அதை நாங்கள் அளக்கவில்லை. அளக்க வேண்டுமானால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" இந்த மூன்று வாக்கியம் போதும். கேட்டவர் அடுத்த பத்து நிமிடம் உங்களுக்குச் சொல்லித் தருவார். பேனாவும் சின்ன நோட்டும் பையில் இருக்கட்டும். கேட்ட கேள்வியை அவர் நகர்ந்தவுடன் எழுதிவிடுங்கள்.

7. செலவு

பதிவுக் கட்டணம், சங்க உறுப்பினர் கட்டணம், அச்சு, பயணம், தங்குமிடம், விசா. இதில் கட்டணம் மட்டுமே அறிவிப்பில் பெரிதாகத் தெரியும். மாணவர் உறுப்பினராகச் சேர்ந்து சலுகைக் கட்டணம் கட்டுவது, உறுப்பினரல்லாதவர் கட்டணத்தைவிட மொத்தத்தில் குறைவாக இருக்கும் மாநாடுகள் பல உண்டு, கூட்டிப் பாருங்கள். முன்பதிவுச் சலுகை முடியும் நாளைக் குறித்து வையுங்கள்.

யாரிடம் கேட்பது? கைடின் திட்ட நிதி, துறை, கல்லூரியின் மாணவர் நிதி, மாநாடு, சங்கம், இந்த ஐந்து கதவையும் தட்டுங்கள். ஒரே செலவை இருவரிடம் வாங்கக் கூடாது. ஆனால் கட்டணத்தை ஒருவரும் பயணத்தை இன்னொருவரும் தரலாம். எவ்வளவு வேண்டும் என்று மொத்தமாகச் சொல்லாமல் வரிவரியாகக் கணக்குப் போட்டு ஒரு தாளில் கொடுங்கள். அப்படிக் கேட்டால் பகுதியாவது கிடைக்கும்.

பெரும்பாலான உதவிகள் முதலில் நீங்கள் செலவழித்த பின்தான் திரும்பி வரும், அதுவும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில். இது தெரியாமல் கடன் வாங்கித் தவிப்பவர்கள் உண்டு. "முன்பணம் கிடைக்குமா, கட்டணத்தை நிறுவனமே நேரடியாகக் கட்டுமா?" என்று எழுத்தில் கேளுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விமான அனுமதிச் சீட்டு, வருகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள்.

8. திரும்பி வந்தபின்

ஆய்வை வேலைக்கான தகுதியாக மாற்றும் வேலை இங்கேதான் நடக்கிறது, பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு வாரத்துக்குள், பேசியவர்களில் உண்மையாக ஆர்வம் காட்டியவர்களுக்கு நான்கு வரி எழுதுங்கள். அவர் கேட்ட கேள்வியைக் குறிப்பிடுங்கள், போஸ்டரின் பிடிஎஃப்பை இணையுங்கள். முதல் மடலிலேயே வேலை கேட்க வேண்டாம்.

கைடும் மற்ற ஆசிரியர்களும் சம்மதித்தால் போஸ்டரை செனோடோவில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் இலவசச் சேமிப்பகம் அது. ஏற்றியதும் டிஓஐ எண் (ஆவணத்துக்கான நிலையான இணைய அடையாளம்) கிடைக்கும், அதைத் தன்விவரக் குறிப்பில் போடலாம். வெளியிட்டதை நினைத்தபோது அழிக்க முடியாது, அதனால் பெயர்களை இருமுறை சரிபாருங்கள்.

தன்விவரக் குறிப்பில் "கருத்தரங்கில் பங்கேற்றேன்" என்று எழுதாதீர்கள். கிரெடிட் பட்டியலில் நீங்கள் குறித்த பங்குகளை எடுங்கள்: "நான்கு உப்புச் செறிவுகளில் 360 விதைகளுக்கான சோதனையை வடிவமைத்தேன், தரவை ஆர் மொழியில் அலசினேன், முடிவுகளைப் போஸ்டராக வழங்கினேன்." ஆய்வகம் பக்கமே போகாத நிறுவனத்துக்கும் இது புரியும்: திட்டமிடத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும், விளக்கத் தெரியும். நோட்டில் எழுதி வந்த கேள்விகளையும் மறுபடி படியுங்கள், நேர்காணலில் "கடினமான கேள்வியை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்றால் பதில் அங்கே தயாராக இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்தை அந்த மாதத்திலேயே கேட்டு வையுங்கள். நீங்கள் செய்தது கைடுக்குப் பசுமையாக ஞாபகம் இருக்கும் நேரம் அது. சுருக்கம், போஸ்டர், உங்கள் பங்குகளின் பட்டியல் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பும் பத்து நாள் முன்பும் நினைவூட்டுங்கள். கடிதம் இணையத்தில் ஏற்ற வேண்டியதா, மின்னஞ்சலில் போக வேண்டியதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.